பிரிப்பதா, மாற்றுவதா

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பயிற்சி வண்டி 11.52க்கு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது. ராகுகாலம் பன்னிரண்டுக்கு. எட்டு நிமிடம் மிச்சம் வைத்து முடித்தோம். 12.14க்கு வண்டி நின்றுவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான். வரிசை தவறினால் எனக்குப் பிடிக்காது.

காலையில் வண்டியைக் கழுவினோம். ஆயில் மாற்றும் கெடு வந்திருந்தது. பூஜையோடு அதையும் முடித்துவிடலாம் என்று இசக்கி பழைய ஆயிலை இறக்கினாள். இசக்கியம்மாள் எங்கள் பள்ளியின் இன்னொரு பயிற்சியாளர். பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். ஆறு வருடமாக இருக்கிறாள். புது ஆயில் டப்பாவை நேற்றே வாங்கி வைத்தவள் பில்டரை மறந்துவிட்டாள். அதை வாங்க 10.40க்கு ஜங்ஷனுக்குப் புறப்பட்டாள். ஸ்கூட்டரில் ஏறும்போது என்னிடம் ஏதோ சொன்னாள். நான் அப்போது டேஷ்போர்டு கண்ணாடிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று இடத்தில் வைத்தேன். கனமாகவே வைத்தேன். வருடத்துக்கு ஒரு நாள்.

11.45க்கு ஐயர் அவசரப்படுத்தினார். அவருக்கு இன்னும் ஒரு மாவு மில் பாக்கி இருந்தது. நான் ஆயிலை ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

வழக்கமாகத் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்பிவிடுவோம். போக வர இருநூற்று நாற்பது மீட்டர். இன்று மார்க்கெட் வழியாகப் போனேன். வாழைப்பழம் வாங்க வேண்டியிருந்தது. அந்த ரோட்டில் வேலாயுதத்தின் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. என்னிடம் ஓட்டப் படித்து, பிறகு எனக்கே போட்டியாகப் பள்ளி வைத்தவர். இந்த வருடம் புது வண்டி வாங்கியிருக்கிறார். வாசலில் நின்றிருந்தார். மரியாதைக்காக ஹாரன் அடித்தேன். கொஞ்ச தூரம் விடாமல் அடித்ததால் வண்டியின் வேறு சத்தம் எதுவும் காதில் விழவில்லை. அவர் வாசலைத் தாண்டி நாற்பது மீட்டரில் இன்ஜின் நின்றது. ஓடியது மொத்தம் 3.4 கிலோமீட்டர்.

வேலாயுதம் ஓடிவந்து தள்ளினார். "மாலை பிரமாதமா இருக்கு சார்" என்றார்.

நான் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனேன். எல்லாரும் தெருவில் சுண்டல் கொடுக்கப் போயிருந்தார்கள். ஒரு சாமானை எடுத்துக்கொண்டு திரும்பினேன். 12.55க்கு ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். சரியாக மேல்கோட்டில் நின்றது. இது முக்கியம்.

இந்த நாட்குறிப்பு ஆபீஸ் மேசைமேல்தான் கிடக்கும். என் மனைவி உலகம்மாள்தான் பள்ளியின் முதலாளி. அவள் அப்பா ஆரம்பித்தது. அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினொரு பேர். வருடத்திலேயே அதிகம் பேர் சேரும் நாள். வண்டியோ நேற்று கயிறு கட்டிப் பள்ளிக்கு இழுத்துவந்த செத்த வண்டி.

ரத்து செய்துவிடலாம் என்றேன். உலகு கேட்கவில்லை. "இன்னிக்கு ஆரம்பிச்சாப் போதும். ஓடணும்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு" என்றாள். ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மற்ற பத்துப் பேரும் பின்னாலிருந்து தள்ள, வண்டி தெருவில் முப்பதடி போனது. கிளட்ச், பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் முறைப்படி சொல்லிக்கொடுத்தேன். ஆறாவதாக உட்கார்ந்த, பேங்கில் வேலை பார்க்கும் அம்மாள் இறங்கும்போது, "இவ்வளவு சுலபமா சார்?" என்று கேட்டார்.

மதியம் இசக்கி வந்து நின்றாள். "பில்டர் மாத்தாம ஏன் அண்ணாச்சி ஆயில ஊத்துனிய?"

"ராகுகாலம் வந்துட்டு."

"நீங்க ஊத்துனது எத்தன மணிக்கு?"

"11.48."

"நாலு லிட்டர நாலு நிமிசத்துல ஊத்திட்டியளா?"

"புனல் வச்சு ஊத்துனேன்."

போய்விட்டாள். மாலையில் டேஷ்போர்டு கண்ணாடியைத் துடைத்தேன். சந்தனம் காய்ந்தால் கறை பிடிக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

மெக்கானிக் மிக்கேல் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனோம். மிக்கேல் பதினைந்து வருடமாக எங்கள் வண்டியைப் பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் வண்டியைப் பார்த்துத்தான் பேசுவார். இன்ஜினைக் கம்பி போட்டுச் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. ஸ்டிக்கை உருவினார், துடைத்தார், மறுபடி உருவினார். ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு, இன்ஜின முழுசா பிரிச்சு, கிராங்க லேத் பட்டறையில கொடுத்துக் கடைஞ்சு, பேரிங் எல்லாம் புதுசு போடணும். ரெண்டு வாரம், மூணு வாரம் ஆவும். இன்னொண்ணு, மதுரையில வண்டிய உடைக்கிற எடத்துல ஓடுன இன்ஜின் ஒண்ணு எடுத்துட்டு வந்து தூக்கி வைக்கலாம். நாலு நாள்."

"மாத்திருவோம்" என்றேன்.

"எதனால இப்பிடி ஆச்சுன்னு தெரிய வேண்டாமா?" என்றாள் உலகு.

மிக்கேல் விரலைத் துணியில் துடைத்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "ஆயில் சரியில்லையோ என்னமோ. எந்தக் கடையில வாங்குனதோ." யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

 ஸ்கூட்டரை எடுத்த பிறகுதான் உலகு பேசினாள். மகாராஜநகரில் பள்ளியின் கிளை ஒன்று தொடங்கப்போகிறோம். அதைத் தை மாதம் முதல் இசக்கியின் பொறுப்பில் விடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். வீடு பார்த்தாகிவிட்டது. "கண்ட ஆயில வாங்கிட்டு வாறவகிட்ட ஒரு கிளையவே எப்பிடி விடுதது? இன்ஜினப் பிரிச்சாத்தான் தெரியும். ஆயில் மேல தப்பு இல்லன்னா கிளை அவளுக்கு. இருந்தா இல்ல. பிரிக்காம மாத்துனா, சந்தேகம் சந்தேகமாவே இருக்கும். அப்பவும் இல்ல."

நான் இதை எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 4, சனி

முதல் தேதியில் நான் எழுதியதில் "ஊற்றிவிட்டுத்தான்" என்ற சொல்லின் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்ஜினை மாற்றுவதே நல்லது என்பதற்கான காரணங்களைக் காலையில் ஒரு தாளில் எழுதி உலகிடம் கொடுத்தேன். பதினொரு மாணவர்கள் காத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு லேத் பட்டறை எல்லாம் பூட்டிவிடுவார்கள். ஒருமுறை பிரித்த இன்ஜின் பழையபடி சேராது. பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே மனசுக்குக் கஷ்டம்.

கடைசிக் காரணத்தை இரண்டு தடவை படித்தாள்.

"போன வருசம் மிக்ஸிய நீங்கதான பிரிச்சிய. அப்ப மனசு கஷ்டப்படலியா?"

"அது மிக்ஸி."

"மதுரை இன்ஜின்ல இதுக்கு முன்னால யாரு என்ன பண்ணி வச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் நல்லது" என்றேன். பிறகு, "புதுசா தொடங்கின மாதிரி இருக்கும்னு சொல்லுதேன்" என்று திருத்திக்கொண்டேன்.

இசக்கியைக் காலையில் கோயில் வாசலில் பார்த்தேன். எட்டாவது படிக்கிற மகளும் கூட வந்திருந்தாள். அந்தப் பிள்ளை என்னிடம், "மாமா, புது ஸ்கூல் போர்டுல அம்மா பேர எழுதுவாங்களாமே. இசக்கியம்மாள்னு எழுதுவாங்களா, ப. இசக்கியம்மாள்னு எழுதுவாங்களா?" என்று கேட்டது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எந்தப் பஸ் என்று நினைவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

உலகு பேனர் அடித்துக் கட்டியிருக்கிறாள். எட்டடிக்கு ஐந்தடி. "புதிய வகுப்புகள் ஆரம்பம்." படம் ஆயுத பூஜை அன்று அவளே போனில் எடுத்தது. வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறுகிற அதே நொடி. நான் ஸ்டியரிங்கில் இருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. எனக்குப் பின்னால் பூஜைப் பலகை முழுவதும் தெளிவாகத் தெரிகிறது. ஜாக்கி, ஸ்பானர் செட், கணக்கு நோட்டு, மூடி உடைக்காத ஆயில் டப்பா, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. போன் கேமராவில் இவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இசக்கி பேனருக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். தன் படம் வரவில்லையே என்று வருத்தமாக இருக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

பட்டறைக்குத் தனியாகப் போனேன். வேறொரு காரணத்துக்காக ஒரு சோதனை செய்தேன். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிகிறது. அதன்மேல் சந்தனத்தைக் கனமாக வைத்தால், பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிவது கொஞ்சமும் தெரிவதில்லை. மெல்லிசாக வைத்தால் தெரிகிறது. இதை வகுப்பில் சொல்லலாம்.

நிமிர்ந்தபோது மிக்கேல் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"பூஜையா அண்ணாச்சி?"

"சும்மா பாத்தேன்."

அவர் பானெட்டைத் தூக்கினார். ஸ்டிக்கை உருவி என் கையில் கொடுத்தார். "பாருங்க. தேன் மாதிரி இருக்கு. ஊத்தி ஒரு கிலோமீட்டர் ஓடுனாலே ஆயில் நெறம் மாறும். இது மாறல. இன்ஜின் ஓடும்போது இது உள்ள இல்ல. நின்ன பொறவு வந்துருக்கு."

"அப்பிடியா" என்றேன்.

"அப்பிடித்தான் தெரியுது."

"உலகு கேட்டாளா?"

"கேக்கல. கேக்காம நான் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லாம இருக்க மாட்டேன்." வண்டியைப் பார்த்துத்தான் சொன்னார். "மதுரைக்காரனுக்குப் போன் பண்ணவா, ஸ்பானர எடுக்கவா?"

"ரெண்டு நாள் பொறுங்க" என்றேன்.

அக்டோபர் 8, புதன்

இன்ஜின் மாற்றினால் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண் மாற வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் காரணத்தோடு ஒரு கடிதம் எழுத வேண்டும். உலகு என்னையே எழுதச் சொன்னாள். "வண்டிய ஓட்டினது நீங்கதான" என்றாள்.

முதல் வரைவு: "மேற்படி வாகனத்தின் இன்ஜின் இயற்கையான தேய்மானத்தால் பழுதடைந்தது." போன வாரம்தான் பத்தொன்பது கிலோமீட்டர் மைலேஜ் கொடுத்தது. கிழித்தேன்.

இரண்டாவது: "மேற்படி வாகனத்தின் இன்ஜின் எதிர்பாராத சூழ்நிலையில்." மேலே போகவில்லை. கிழித்தேன்.

மூன்றாவது: "மேற்படி வாகனத்தின் இன்ஜின் தரமற்ற ஆயில் பயன்படுத்தியதால்." இதை முழுசாக எழுதிவிட்டேன். பிழை இல்லாமல், நல்ல கையெழுத்தில் வந்தது. கீழே "ஆயில் வாங்கியவர்" என்று ஒரு வரி சேர்த்தால் முழுமையாக இருக்கும் என்று தோன்றியது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது இசக்கி வாசலில் அந்தப் பேங்க் அம்மாளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வண்டி இல்லாததால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் மூன்று செங்கல். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். "சாவியத் தொடுததுக்கு முன்னால எறங்கி ஆயில் பாக்கணும்கா. யாரு என்ன அவசரப்படுத்துனாலும் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது என் பாடம். என் வார்த்தைகள்கூட. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

மூன்றாவது வரைவையும் கிழித்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

மகாராஜநகர் வீட்டுக்காரர் போன் செய்தார். வேறு ஆள் கேட்கிறார்களாம். நாளை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். உலகு போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்னு சொல்லிரவா?"

"பிரிச்சே பாத்துரலாம்" என்றேன்.

"தீபாவளிக்கு லேத் பூட்டிருவான்னியள."

"பூட்டட்டும்."

"மனசுக்குக் கஷ்டமா இருக்கும்னியள."

"இருக்கட்டும்."

மிக்கேலுக்கு அவளே போன் செய்தாள். நான் போய் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

காலை 9.30க்கு நானும் உலகும் பட்டறைக்குப் போனோம். 10.25க்கு மிக்கேல் இன்ஜினின் அடித்தட்டைக் கழற்றினார். பேரிங் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டியவை. கருகி, ஓரம் நீலம் பாரித்து, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கிராங்கில் விரல் வைத்தால் கோடு தட்டியது.

உலகு கேட்டாள். "ஆயில் மட்டமா மிக்கேல்?"

"ஆயில் நல்ல ஆயில்க்கா. ஓடும்போது உள்ள இல்ல. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. மிக்கேல் இன்ஜினைப் பார்த்தார், உலகு பேரிங்கைப் பார்த்தாள். பார்த்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆயில் வழியில் கசிந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது. வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது.

"நான்தான். ஊத்தாம எடுத்துட்டேன். இசக்கி சொல்லிட்டுத்தான் போனா. நான் கேக்கல. நின்ன பொறவு டப்பாவ எடுத்துட்டுப் போயி ஊத்துனேன்."

மிக்கேல் பழைய துணியால் கை துடைத்துக்கொண்டு டீ சொல்லப் போனார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் உலகு.

"எப்பத்துல இருந்து?"

"போட்டோ எடுத்தது நான்தான. வண்டி பழத்து மேல ஏறும்போது டப்பா பலகையில மூடியோட இருக்கு. எட்டடிக்கு அடிச்சு வாசல்ல கட்டிருக்கேன். இதுக்கு மேல பெருசா அடிச்சா கார்ப்பரேஷன்ல இருந்து ஆள் வருவான்."

"முன்னாலயே கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீங்க புனல் கத சொல்லுவிய." கொஞ்ச நேரம் பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொல்லாமலே இருந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியலங்க. புருசனக் காட்டிக் கொடுத்திருப்பேனா, அவள விட்டுக் கொடுத்திருப்பேனா. நேத்து பூரா அதான் ரோசன." வீட்டுக்காரருக்குப் போன் போட்டு வீடு வேண்டும் என்றாள். பிறகு என்னிடம், "இசக்கிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

இன்ஜினைப் பிரித்தாகிவிட்டதால் அதையே சரிசெய்வது என்று முடிவானது. பிளாக்கில் விரிசல் இல்லை. மிக்கேல் இதை மூன்று தடவை சொன்னார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

இசக்கியிடம் சொல்ல நேரம் அமையவில்லை. அவள் இருக்கும்போது நான் இல்லை. நான் இருக்கும்போது அவள் இல்லை. அவள் இருக்கும் நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி நேற்று. லேத் பூட்டு. பேனரை இன்னும் இறக்கவில்லை. இறக்கலாமா என்று கேட்டேன். "வகுப்பு ஆரம்பம்னுதான போட்டிருக்கு. ஆரம்பிக்கட்டும்" என்றாள் உலகு.

அக்டோபர் 29, புதன்

வண்டி வந்துவிட்டது. சத்தமே இல்லை. ஸ்டார்ட் செய்ததும் ஓடுகிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று மிக்கேல் சொல்லிவிட்டார். அந்த ஆயிரத்தையும் நானே ஓட்ட வேண்டும் என்பது உலகின் உத்தரவு. பக்கத்து சீட்டில் இசக்கி இருக்க வேண்டும் என்பதும். அந்த சீட்டின் கீழேதான் பயிற்சியாளருக்கான பிரேக் இருக்கிறது.

10.10க்குப் புறப்பட்டோம். கிளம்பும் முன் இறங்கி ஆயில் பார்த்தேன். இசக்கியும் இறங்கிப் பார்த்தாள்.

முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் பயிற்சிப் பலகை. நாற்பதில் போனால் சைக்கிளைத் தவிர எல்லாரும் முந்துகிறார்கள். ஒரு மினி பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "பயப்படாம ஓட்டுங்க பெரியவரே, அக்கா இருக்காங்கள்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பதினான்காவது கிலோமீட்டரில் சொன்னேன். ஆயில், டப்பா, ஆட்டோ, கடைமேல் பழி போட்டது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். வரிசை தவறவில்லை.

"தெரியும் அண்ணாச்சி."

"பேனரப் பாத்தா?"

"பேனரக் கட்டுனதே நானும் அக்காவும்தான். டப்பாவுக்கு நேர சுருக்கம் விழாம இழுத்துக் கட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"பொறவு ஏன் எங்கிட்ட கேக்கல?"

 ஒரு லாரி எங்களை முந்திப் போகும்வரை காத்திருந்தாள்.

"என் பேரு கெட்டுக் கெடக்கும்போது நீங்க ஒரு வாரம் பேசாம இருந்திய. என் மகளப் பாத்து பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னிய. வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நீங்க. கிளைக்கு என் பேரச் சொன்னதும் முதல்ல நீங்கதான். அந்த ஆளாவே வந்து சொல்லுவியளான்னு பாத்தேன்." பிறகு, "மூணாவது கியர்ல போறிய. மாத்துங்க" என்றாள்.

மாற்றினேன்.

ரவுண்டானாவில் வலது பக்கம் திரும்பச் சொன்னாள். மகாராஜநகர் நான்காவது தெரு. இன்று வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. வாசல் கேட் வண்டியைவிட ஒரு சாண்தான் அகலம்.

"ரிவர்ஸ்ல உள்ள விடுங்க."

"தெருவுலயே நிறுத்துதேன்."

"என் வாசல்ல தெருவுல நிறுத்துத பழக்கம் கெடையாது" என்றாள். அந்த வாசல் அவளுடையதாக இன்னும் கையெழுத்தே ஆகவில்லை.

உள்ளே விட்டேன். மூன்று முறை ஆனது. இரண்டாவது முறை அவள் பிரேக்கை மிதித்தாள். தூணுக்கு அரை அடி இருந்தது. நின்றதும் கைப்பை எடுத்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், குனிந்து சாவியை உருவிக்கொண்டாள்.

"நான் வரும்வரைக்கும் இருங்க."

11.35க்கு உள்ளே போனாள். 12.20 வரை வரவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.